பாராக்காரர் விழுந்த படுகளம்

என் வீட்டுக்காரர் பெயர் செங்கோடன். கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள், எழுதலாம் அல்லவா, எழுதிவிட்டேன். மோகனூர்ப் பக்கம் வந்து செங்கோடன் வீடு எது என்று கேட்டால் எந்தச் செங்கோடன் என்பார்கள், தெருவுக்கு ஒருவர் உண்டு. பாராக்காரர் வீடு என்று கேளுங்கள். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன்கூட வண்டியை நிறுத்தி வழி சொல்லுவான். சொல்லிவிட்டு, "ஏனுங்க, அவரு நெசமாவே பிளேன்ல இருந்து குதிச்சாருங்களா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பான்.

குதித்தார். அதில் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும்தான் சந்தேகம். இத்தனை வருஷம் இந்த மனிதரோடு குப்பை கொட்டியும் எனக்குப் பிடிபடாத சங்கதிகள் நிறைய. இந்த மாசியில் படுகளத்தில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பக்கத்தில் நின்றவள் நான். நான் சொல்கிறேன்.

அவர் பட்டாளத்தில் சேர்ந்தது வீரத்தினால் ஒன்றும் அல்ல. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் போவதா, கோழிப்பண்ணைக்குப் போவதா என்று முழித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆள் எடுக்கிறார்கள் வாடா என்று ஒரு சிநேகிதன் துணைக்குக் கூப்பிட்டான். கூப்பிட்டவன் ஓட்டத்தில் தோற்றான். துணைக்குப் போனவர் ஜெயித்துவிட்டார். சேர்ந்து கொஞ்ச நாளில் ஓர் அதிகாரி வந்து, பாராவுக்கு விருப்பப்பட்டு வருகிறவன் எவன் என்று கேட்டிருக்கிறார். போர் என்று வந்தால் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் பாராசூட்டில் போய் இறங்க வேண்டிய படை அது. இவருக்கு அப்போது இந்தி அரைகுறை. பக்கத்தில் நின்றவனிடம் என்ன என்று கேட்க, அங்கே போனால் முட்டை கூடுதலாகக் கிடைக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். இவர் கையைத் தூக்கிவிட்டார்.

நாமக்கல் சீமையில் பிறந்த மனுஷன் முட்டைக்காக விமானத்திலிருந்து குதிக்கப் போனார் என்றால் இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லுவது! பெண் பார்க்க வந்த அன்று இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை. இந்த ஆள் பொய் சொல்லத் தெரியாதவர் என்று அப்போதே புரிந்துபோயிற்று. அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

விடுப்பில் வந்தால் சொந்தபந்தமெல்லாம் கூடிவிடும். "மாப்ள, சண்டையில குதிச்சீங்களா?" என்பார்கள். இல்லீங்க என்பார். பயிற்சிக் குதிப்புத்தான், போருக்கு என்று ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. வந்தவர்களுக்கு முகம் தொங்கிவிடும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இவர்கள் பார்த்து ரசிக்க அங்கே சண்டை வர வேண்டுமாக்கும்!

ஒரு தடவை எங்கள் கோழிக் கொட்டகையில் தீவன மூட்டைகளை வரிசையாக நிறுத்தி எனக்கு விளக்கிக் காட்டினார். விமானத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்களாம். கதவோரம் சிவப்பு விளக்கு எரியுமாம்.

"குதிக்கறது நாமன்னு நெனைக்காத புள்ள. வெளக்கு பச்சையாவும். தோள்ல பொட்டுன்னு ஒரு அடி உழுவும், 'கோ'ன்னு ஒரு சத்தம். கால் தானாப் போயிரும்" என்றார்.

"பயமா இருக்காதுங்களா?"

"பயப்படறதுக்கு இடையில நேரமே இல்லியே."

இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு காலும் சேர்ந்திருக்க வேண்டும், முட்டி மடங்கியிருக்க வேண்டும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், தரை பட்டதும் பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும். அது அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. ஒருநாள் முட்டை அட்டைகளோடு கொட்டகை வாசலில் வழுக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் காலைச் சேர்த்து, கையை நெஞ்சோடு கட்டி, உருண்டு எழுந்துவிட்டார். அவர்மேல் ஒரு கீறல் இல்லை. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜோஸ்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலம் சூரமங்கலத்துப் பையன், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். இவருடைய படைப்பிரிவில் இவருக்குக் கீழே இருந்தான். அங்கே இவருக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். ஒரு கிறிஸ்துமஸ் விடுப்பில் கேக் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, உங்க கோழிக் குழம்பப் பத்தியே அண்ணன் பேசிப் பேசி என் உயிர எடுக்கறாரு, கொஞ்சம் ஊத்துங்க பாக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டான். அப்படிச் சிரிக்கிற பையனை நான் பார்த்ததில்லை. குதிக்கிற வரிசையில் எப்போதும் இவருக்கு அடுத்து அவன்தானாம். அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டே குதித்துவிடுவேன் என்றான்.

மறு வருஷம் ஒரு மத்தியானம் டி.வி.யில் கீழே ஓடியது: வடக்கே பயிற்சியின்போது பாராசூட் விரியாமல் தமிழக வீரர் பலி. பெயர் போடவில்லை. எனக்குத் தெரிந்து அங்கே தமிழக வீரர் இரண்டே பேர். இவர் போனுக்கு அடிக்கிறேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது. செருப்புகூடப் போடாமல் அண்ணமார் கோயிலுக்கு ஓடினேன். "சாமி, இந்த உசுர முழுசா என்கிட்டக் குடுத்துரு. உன்ற படுகளத்துல அவரக் கொண்டாந்து உழுவ வெக்கறேன்" என்று மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தேன்.

சாயந்திரம் போன் வந்தது. "நான்தான்" என்றார். அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது, செத்தது ஆருங்க என்று. "என்ற பின்னாடி வந்தவன்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்ததும் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவனுக்கும் அம்மா ஒருத்தி இருக்கிறாள். அவளும் அதே நேரத்தில் அந்தோணியாரிடம் மன்றாடியிருப்பாள். என் சாமி பெரிதா, அவள் சாமி பெரிதா என்று யோசித்தால் பைத்தியம்தான் பிடிக்கும், யோசிப்பதை விட்டுவிட்டேன்.

உடலோடு இவரை அனுப்பவில்லை. அடுத்த நாளே வேறு பயிற்சிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அடக்கத்துக்கும் வர முடியவில்லை. பிறகு இவருடைய பட்டாளத்துக் காலம் முடிந்து, ஊரோடு வந்து சேர்ந்தார்.

வந்த ஆள் வேறு யாரோ மாதிரி இருந்தார். கோபம் இல்லை, குடி இல்லை, சண்டை இல்லை. ஆனால் எதற்கும் நின்றுகொண்டே இருப்பார். சாப்பிட வாங்க என்றால்தான் வருவார், இல்லாவிட்டால் பசியோடு நிற்பார். மோட்டார் போட்டால் அணைக்கச் சொல்கிறவரை தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தெருவில் நடந்து போகிறவர் சட்டென்று நின்று திரும்பிப் பின்னால் பார்ப்பார்.

"ஆரப் பாக்கறீங்க?" என்பேன்.

"ஒண்ணுமில்ல புள்ள."

ஒன்றுமில்லாததை எதற்கு ஒரு மனுஷன் அத்தனை தடவை பார்க்க வேண்டும்? கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

இனிப் படுகளம். எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பிகளான அண்ணமார் சாமிகள் சண்டையில் மாண்டு விழுந்ததை மாசி மாதம் கோயில் திடலில் திரும்ப நடத்துவோம். கோயில் பங்காளி வீடுகளிலிருந்து விரதம் இருந்த ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். உடுக்கையும் பம்பையும் முழங்க முழங்க அருள் வந்து, நின்ற இடத்திலேயே செத்தவர்களாக விழுவார்கள். மேலே வெள்ளைத் துணி போர்த்துவோம். பெண்கள் ஒப்பாரி வைப்போம், நிஜமாகவே அழுவோம். அப்புறம் பூசாரி தீர்த்தம் தெளித்து, பிரம்பால் தொட்டு ஒவ்வொருவராக எழுப்புவார். கடைசியில், "உழுந்தவுங்க எல்லாம் எந்திரிச்சாச்சா?" என்று கேட்பார். எந்திரிச்சாச்சு என்று ஊரே சொன்னால்தான் படுகளம் முடியும், பந்தி போடுவார்கள். ஓர் ஆள் எழுந்திருக்காவிட்டாலும் யாரும் திடலை விட்டு நகரக் கூடாது.

மாமனார் இருந்தவரை எங்கள் வீட்டுக்காக அவர் விழுந்தார். இப்போது என் வேண்டுதலும் சேர்ந்து அந்த இடம் இவருக்கு. முதல் வருஷம் நின்றார். எல்லோரும் விழுந்தார்கள், இவர் மட்டும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். சரி, புதுசு என்றார்கள். இரண்டாம் வருஷமும் நின்றார். ஊர் வாயை மூட முடியுமா? "ஆகாசத்துல இருந்து உழுந்தவருக்குத் தரையில உழுவத் தெரியலியாமா" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"சும்மா கண்ண மூடிட்டு உழுந்து தொலைங்களேன்" என்றேன்.

"சாமிகிட்டப் போயி பொய்யா உழுவச் சொல்றயா?"

"வேண்டுதல் உங்க உசுருக்குங்க! குடுத்த உசுரச் சாமி திருப்பிக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டினால் இதுதான் தொல்லை.

இந்த வருஷம் கோயில் கூட்டத்தில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள், இந்தத் தடவையும் விழாவிட்டால் இடம் வேறு பங்காளி வீட்டுக்குப் போகும் என்று. இடம் போனால் என் வேண்டுதல் என்ன ஆகும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் அவர் பங்குக்குப் போய் விசாரித்தார். வருஷா வருஷம் விழுகிற கோகுல்ராஜிடம் கேட்டதற்கு, "காது அடைச்சுக்கும்ணா, அதுக்கப்பறம் ஒண்ணும் தெரியாது" என்றிருக்கிறான். இன்னொருவர் முழங்கால் தானாக மடங்கும் என்றார். மூன்றாமவர் கண்ணில் மஞ்சள் தெரியும் என்றார். இவர் பூசாரி சின்னண்ணனிடமே போனார்.

"எப்ப உழுவோணும்னு எப்படிங்க தெரியும்?"

"அது தெரியாது சாமி. தெரிஞ்சா அது அருளே இல்ல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார். "ஆராச்சும் சொன்னா உழுந்துருவேன் புள்ள" என்றார்.

படுகளத்தன்று நல்ல வெயில். வரிசையில் கடைசி ஆளாக இவரை நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் பெண்டுகள் எல்லாம் வேப்பமரத்தடியில். விரதக்காரர்களைப் பெண்கள் தொடக் கூடாது, கிட்டே போகவும் கூடாது. பம்பை ஏறியது. கோகுல்ராஜ் முதலில் விழுந்தான். அப்புறம் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். இவர் நிற்கிறார். வேர்வை ஊற்றுகிறது, கண் எங்கேயோ இருக்கிறது, நிற்கிறார். நடுநடுவே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். பின்னால் யாருமில்லை, வெறும் திடல். பம்பைக்காரருக்குக் கை ஓய்ந்துபோயிற்று. அடி தளர்ந்தது. சின்னண்ணன் பூசாரி என் பக்கம் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அட கெரகமே, எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம்! சாமிமேலா, அவர்மேலா, என்மேலா என்று கேட்காதீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். "அக்கா, தீட்டு, தீட்டு!" என்று பின்னால் கத்தினார்கள். நேரே போய் அவர் தோளில் ஓங்கி ஓர் அறை விட்டு, "கோ!" என்று கத்தினேன்.

போய்விட்டார். இரண்டு காலும் சேர்ந்தது, முட்டி மடங்கியது, இரண்டு கையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டன. பக்கவாட்டில் உருண்டு, புழுதி கிளம்ப, மல்லாந்து கிடந்தார். திடல் முழுக்கச் சத்தமே இல்லை.

அப்புறம் வந்தது பாருங்கள் சத்தம்! புருஷனை அடித்துவிட்டாள் என்று ஒரு கட்சி. அவர் விழவே இல்லை, இவள் தள்ளிவிட்டாள் என்று ஒரு கட்சி. தெய்வநாயகிமேல், அதாவது என்மேல், சாமி வந்துதான் அடித்தது என்று என் நாத்தனார் பெருமாயி ஒரே போடாகப் போட்டாள். என்மேல் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் எதற்கு மறுத்துப் பேசுகிறேன்?

பூசாரி வந்து குனிந்தார். செத்து விழுந்தவன் கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழ வேண்டும், அதுதான் சோதனை. இவர் கையைத் தூக்கவே முடியவில்லை. குதிக்கும்போது நெஞ்சில் மாட்டுகிற உபரிப் பாராசூட்டை, அது அங்கே இல்லாமலே, இறுக்கிப் பிடித்திருந்தார். பூசாரி இழுத்தார், இன்னொருவரும் சேர்ந்து இழுத்தார், அசையவில்லை.

"இது செத்த கையா, புடிச்ச கையா, ஒண்ணும் வெளங்கலியே" என்றார் பூசாரி. மூச்சைப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில், "உழுந்தவன் உழுந்தவன்தான், துணியப் போடுங்க" என்றுவிட்டார்.

ஒப்பாரி தொடங்கியது. நான் அதில் சேராமல், அவர்மேல் கிடந்த வெள்ளைத் துணி மூச்சில் அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். விரதக்காரரைத் தொட்டுவிட்டேன், அடித்துவிட்டேன். சாமி குற்றமாகி நிஜமாகவே எழுந்திருக்காமல் போய்விட்டால்? ஜோஸ்வாவின் அம்மாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

தீர்த்தம் வந்தது. கோகுல்ராஜ் எழுந்தான், மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் இவர். பூசாரி வேப்பிலையால் தெளித்துப் பிரம்பால் தொட்டார். அசைவில்லை. மறுபடியும் தெளித்தார். இல்லை. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் தடவை செம்போடு முகத்தில் ஊற்றினார். இவர் கண்ணைத் திறந்தார், கை தளர்ந்தது, எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

ஊருக்கே உயிர் வந்தது. பூசாரி செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உழுந்தவுங்க எல்லாம் எந்திரிச்சாச்சா?"

"எந்திரிச்சாச்சு!" என்றது ஊர்.

"இல்லீங்க" என்றார் இவர்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூசாரி வரிசையை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். "எல்லாரும் நிக்கறாங்களே சாமி. ஆரு பாக்கி?"

"என்ற பின்னாடி வந்தவன்."

பூசாரி அவர் பின்னால் எட்டிப் பார்த்தார். புழுதிதான் இருந்தது. "அது ஆருங்க? எந்தப் பங்காளி ஊட்டு ஆளு?"

"ஜோஸ்வா. சூரமங்கலம்."

அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. வேதக்காரப் பையன் பேரு மாதிரி இருக்குதே என்றார் ஒருவர். பட்டாளத்தில் செத்தானே, அவனா என்றார் இன்னொருவர். சின்னண்ணன் பூசாரி பிரம்பால் முதுகைச் சொறிந்தார். எத்தனையோ மாசி பார்த்த மனுஷன், இப்படி ஒரு சிக்கலில் மாட்டியதில்லை.

"அவரு நம்ம படுகளத்துல உழுவுலியே சாமி."

"உழுந்தானுங்க" என்றார் இவர். "நான்தான் திரும்பிப் பாக்கல. பாக்கறதுக்குள்ள தூக்கீட்டுப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சின்னக் குழந்தை மாதிரி, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூசாரிக்கும் தெரியவில்லை. பூசாரி என்னைப் பார்த்தார்.

"பங்காளிங்களா அம்மிணி?" என்று மெதுவாகக் கேட்டார். பங்காளிக்கு மட்டும்தான் தீர்த்தம், அது விதி.

"பங்காளிதாங்க" என்றேன். "தெளிச்சு உடுங்க. எந்தச் சாமி வந்து கேக்குதுன்னு நான் பாத்துக்கறேன்."

பூசாரி இவருக்குப் பின்னால் போனார். வெறும் மண்ணில் வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார், பிரம்பால் தொட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. யாரும் சிரிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, திரும்பக் கேட்டார்: "உழுந்தவுங்க எல்லாம் எந்திரிச்சாச்சா?"

எல்லோரும் இவரையே பார்த்தோம். இவர் அந்த ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் சொல்லாமலே, தானாகக் கையை ஊன்றி எழுந்தார். வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டினார்.

"அவன் எந்திரிக்கலீங்க" என்றார். "எந்திரிக்க மாட்டான். நாம போலாம்."